தினமும் இருபது நிமிடம்: ஆங்கிலம் பழகுவதற்கு ஒரு நடைமுறை

யாழ்ப்பாணத்தில் சாதாரண தரம் வரை ஆங்கிலம் படித்து, சனி ஞாயிறுகளில் ரியூசனுக்கும் போய்வந்த ஒருவர், கொழும்பிலிருந்து வரும் ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆங்கிலத்தில் மறுமொழி சொல்லத் தடுமாறுவதை நாம் அடிக்கடி பார்க்கிறோம். அவருக்கு இலக்கணம் தெரியாது என்று சொல்ல முடியாது. வினைச்சொல்லின் மூன்று வடிவங்களையும் தடங்கலின்றி ஒப்புவிப்பார். பரீட்சைக்காக எழுதி எழுதிக் கை பழகியிருக்கிறது, காதும் வாயும் பழகவில்லை என்பதே குறை. அதைக் கிழமைக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் வகுப்பில் இருந்து தீர்ப்பதைவிட, நாளுக்கு இருபது நிமிடம் வீட்டிலிருந்து தீர்ப்பது எளிது. புதிதாகக் கற்றதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாட்களிலேயே மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்துப் பார்த்து 1885இல் எழுதினார். அடுத்த வகுப்பு ஏழு நாள் கழித்து வருமானால், அதன் முதல் பாதி பழையதை மீட்பதிலேயே போய்விடும்.

நேரத்தைத் தேட வேண்டாம். ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள். காலைத் தேநீருக்குப் பின், அல்லது வேலைக்குப் போகும் பஸ்ஸில் என்று இடமும் பொழுதும் உறுதியாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் காதுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்’ போன்ற சிறிய ஒலி நிகழ்ச்சிகள் எழுத்து வடிவத்துடன் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளுக்கொன்றாக ஏழு நிகழ்ச்சிகளைக் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றையே கிழமை முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எழுத்தைப் பாராமல் இரண்டு முறை கேட்டு, விளங்கியது எவ்வளவு என்று மட்டும் கவனியுங்கள். மறுநாள் எழுத்தைப் பார்த்தபடி கேட்டு, காதில் விழாமல் தப்பிய சொற்களுக்குக் கோடிடுங்கள். அவற்றுள் பல நீங்கள் நன்கறிந்த சொற்களாகவே இருக்கும், ஏனெனில் விரைவான பேச்சில் ஒரு சொல்லின் கடைசி ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு நிமிடப் பகுதியைத் தெரிந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் நிறுத்தி, அதே ஏற்ற இறக்கத்துடன் உரத்துச் சொல்லுங்கள். கிழமை முடிவில் அந்த ஒரு நிமிடத்தைக் கைத்தொலைபேசியில் உங்கள் குரலில் பதிந்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் எந்த ஒலியில் சறுக்குகிறோம் என்பதை இதைப் போல வேறெதுவும் காட்டித் தராது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதியும் உண்டு, ஓர் இடையூறும் உண்டு. ‘காற்று’ என்பதை யாழ்ப்பாணத்தார் உச்சரிக்கும்போது நாக்கு நுனி மேற்பல்லின் பின்னுள்ள முரசைத் தொடுகிறது. ஆங்கிலத்தின் ‘ரீ’ (T) எழுத்து பிறக்கும் இடமும் அதுவே. இடையூறு வருவது, ஆங்கிலச் சொற்களின் ஒலியைக் கொப்பியில் தமிழ் எழுத்தால் குறித்துவைக்கும் பழக்கத்தால். பெரியது என்ற பொருளுடைய சொல்லும் பன்றியைக் குறிக்கும் சொல்லும் தமிழில் எழுதினால் ‘பிக்’ என்றே நிற்கும். (இக்கட்டுரையும் ஆங்கிலச் சொற்களைத் தமிழில்தான் எழுதுகிறது, வாசிப்பதற்கு அது போதும், உச்சரிப்புப் பழகப் போதாது.) ஒலியைக் காதால் கேட்டே பிடியுங்கள்.

வாசிப்புக்குக் காசு செலவழித்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் ஒரே விஞ்ஞானப் பாடநூலைத் தமிழ் மொழியிலும் ஆங்கில மொழியிலும் வெளியிடுகிறது. இரண்டையும் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து தரவிறக்கலாம். தரம் 6 அல்லது 7 நூலில் ஒரு பந்தியைத் தமிழில் வாசித்துவிட்டு அதே பந்தியை ஆங்கிலத்தில் வாசித்தால், பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அகராதியைத் தொடாமலே பல சொற்கள் விளங்கிவிடும். இரு மொழியையும் அருகருகே வைத்து வாசிப்பது இந்த மண்ணுக்குப் புதிதுமன்று: 1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகை தமிழும் ஆங்கிலமும் கலந்தே வெளிவந்தது.

எழுதுவதற்கு நாளொன்றுக்கு மூன்று வாக்கியங்கள் போதும், ஆனால் அவை அன்று உங்கள் வீட்டிலோ வேலையிலோ உண்மையில் நடந்தவையாக இருக்கட்டும். தனிச்சொற்களைப் பட்டியலிட்டு மனனம் செய்வதைவிட, ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறதோ அந்தத் தொடரை முழுதாக எழுதிவைப்பது பயன் தரும். சந்தைக்குப் போவதை ‘கோ ரு த மார்க்கற்’ என்கிறோம். மாணவர் பள்ளிக்குப் போவதற்கோ ‘கோ ரு ஸ்கூல்’ என்றே சொல்ல வேண்டும், நடுவில் ‘த’ வராது. தமிழில் இத்தகைய சுட்டுச்சொல் வழக்கு இல்லாததால் விதியை யோசித்துக்கொண்டு பேச முற்படுபவர் அங்கேயே நின்றுவிடுவார். தொடராகப் பழகியவருக்கு அது தானாக நாவில் வரும். எழுதிய வாக்கியங்களை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், பின்னர் ஒரு கிழமையிலும் ஒரு மாதத்திலும், தமிழ்ப் பொருளை மட்டும் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். தவறியதை மட்டும் மீண்டும் முதல் நாளிலிருந்து தொடங்கினால் போதும். இலக்கண நூல் அருகில் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் திறக்கலாம், தொடக்கத்திலிருந்து வாசிக்கத் தேவையில்லை.

பேசுவதற்கு ஆள் இல்லை என்பதே பலரின் முறைப்பாடு. யாழ்ப்பாணத்தில் அது அவ்வளவு பொருந்தாது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ வளரும் மருமக்களும் பெறாமக்களும் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. அவர்களுக்கு ஆங்கிலம் சரளம், தமிழோ தட்டுத்தடுமாறி வரும். கிழமைக்கு ஒருநாள் வட்ஸ்அப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, முதல் ஐந்து நிமிடம் ஆங்கிலத்திலும் அடுத்த ஐந்து நிமிடம் தமிழிலும் பேசுவதென்று ஒப்பந்தம் செய்துகொண்டால் இரு பக்கமும் பயனடையும். இங்கு இரவு எட்டு மணியாகும்போது ரொறன்ரோவில் முற்பகல் என்பதால் சனிக்கிழமை வசதியாக இருக்கும். அந்தக் கிழமை கொப்பியில் எழுதிய சம்பவங்களையே பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிழை கண்டவுடன் இடைமறிக்க வேண்டாம் என்றும், முடிவில் ஒரேயொரு பிழையை மட்டும் சொன்னால் போதுமென்றும் பிள்ளையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிழையைத் திருத்திய வாக்கியம் மறுநாள் கொப்பியில் முதலாவதாக இடம்பெறட்டும்.