வரைபடம் முடியும் முன்பே எஸ்டிமேட் போடுவது எப்படி?

அமெரிக்காவில் மத்திய அரசுப் பணத்தில் பெரிய நெடுஞ்சாலையோ பாலமோ கட்டுவதென்றால், 1970இல் வந்த 'நீபா' (தேசிய சுற்றுச்சூழல் கொள்கை) சட்டப்படி முதலில் சுற்றுச்சூழல் ஆய்வு முடிய வேண்டும். செலவு எவ்வளவு என்ற கேள்வியும் அப்போதே வந்துவிடும். அந்தக் கட்டத்தில் வடிவமைப்பில் பாதிகூடத் தேறியிருக்காது. மண் பரிசோதனைக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் துளை போட்டிருப்பார்கள். ஆனாலும் நாம் சொல்லும் தொகையை ஊர் பிடித்துக்கொள்ளும். பாஸ்டனின் 'பிக் டிக்' சுரங்கச்சாலைக்கு 1982 விலையில் சுமார் 280 கோடி டாலர் என்றார்கள். முடிந்தபோது 1,400 கோடியைத் தாண்டியிருந்தது. பணியும் பெருத்தது, விலைவாசியும் ஏறியது.

படி 1: எதெல்லாம் கணக்கில் வரும்?
கான்கிரீட்டும் இரும்பும் மட்டும் அல்ல. வடிவமைப்பு, நிலம் கையகப்படுத்தல், மின்கம்பி, குழாய்களை இடம் மாற்றுவது, மேற்பார்வை, அழியும் சதுப்புநிலத்துக்கு ஈடு செய்வது, இரைச்சல் தடுப்புச் சுவர் எல்லாம் வேண்டும். ஆய்வில் ஒப்பிடும் மாற்று வழிகளில் ஒன்றான 'எதுவும் கட்டாமல் விடுவது' என்பதற்கும் செலவு உண்டு. பழைய பாலத்தை யாராவது பராமரிக்கத்தானே வேண்டும்?

படி 2: அடிப்படைச் செலவு
எல்லாம் சரியாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்று மட்டும் போடுங்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒவ்வொரு வரியிலும் 20 சதவீதம் சேர்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அப்படிச் சேர்த்தால் அடுத்த படியில் அதே அபாயத்தை இன்னொரு முறை எண்ணிவிடுவோம். எல்லா மாற்றுகளுக்கும் ஒரே அலகு விலை, ஒரே அடிப்படை ஆண்டு இருக்கட்டும்.

படி 3: அபாயப் பட்டியல்
இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மண் ஆள், பால ஆள், நில ஆள் எல்லாரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். தூண் அடித்தளம் இன்னும் ஆழமாகப் போக 30 சதவீத வாய்ப்பு, போனால் 5 கோடி டாலர் கூடுதல் என்கிறார்கள் என வைப்போம். பெருக்கினால் 1.5 கோடி. ஆனால் நிஜத்தில் ஒன்று 5 கோடி ஆகும், இல்லை சுழியம், 1.5 ஆகவே ஆகாது. அதனால்தான் மான்டி கார்லோ முறை, அதாவது தற்செயல் எண்களை வைத்துப் பலமுறை கணக்கை ஓட்டிப் பார்ப்பது. எக்செல்லில் ஒரு தற்செயல் எண் எடுங்கள், 0.3க்குக் கீழே வந்தால் அடிப்படைச் செலவோடு 5 கோடியைக் கூட்டுங்கள். எல்லா அபாயங்களுக்கும் இப்படிச் செய்து, 10,000 முறை ஓட்டுங்கள். செலவு குறைய வாய்ப்பு இருந்தால் அதையும் பட்டியலில் சேருங்கள்.

படி 4: செலவாகும் ஆண்டின் விலை
இன்றைய விலையில் கட்டுமானம் 60 கோடி டாலர், பணியின் நடுப்பகுதி 6 ஆண்டு தள்ளி, விலை ஏற்றம் ஆண்டுக்கு 4 சதவீதம் என்றால் 60 × 1.04⁶, ஏறக்குறைய 76 கோடி. நிலத்துக்கான பணம் முன்பே போய்விடும், அதற்குத் தனி ஆண்டு. அனுமதி ஓர் ஆண்டு தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் ஓட்டிப் பாருங்கள். சில திட்டங்களில் அதுவே பெரிய அபாயம்.

படி 5: எல்லையாகச் சொல்லுங்கள்
10,000 விடைகளையும் சிறியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். 7,000ஆவது விடைதான் 70 சதவீத நம்பிக்கைத் தொகை, அதாவது செலவு அதைத் தாண்டாமல் இருக்க 70 சதவீத வாய்ப்பு. அறிக்கையில் ஒற்றை எண்ணுக்குப் பதில் கீழ் எல்லை, மேல் எல்லை, எந்த ஆண்டு விலை என மூன்றையும் எழுதுங்கள்.

திட்டம் 50 கோடி டாலரோ அதற்கு மேலோ என்றால், மத்திய நெடுஞ்சாலை நிர்வாகமே இதே முறையில் மறு ஆய்வு செய்யும். அப்புறம் நிதித் திட்டம் தர வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே எந்த அனுமானத்தை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அதே எக்செல் கோப்பில் குறித்து வையுங்கள்.