தோள் மூட்டு மாற்று அறுவை: தேதி குறிக்கும் முன் நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் செய்ய வேண்டியவை

தோள் மூட்டை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் நம் பக்கத்தில் முதலில் எழும் கேள்வி “மொத்தம் எவ்வளவு ஆகும்?” என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மருத்துவமனையை விட்டு வீட்டுக்குக் கிளம்பும் நாளோடு நின்றுவிடுகிறது. தோளைப் பொறுத்தவரை பாதி வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பல மாதம் இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) செய்யாத தோள், எவ்வளவு நல்ல மூட்டை வைத்தாலும் மேலே எழும்பாது. அதனால் பயிற்சிக்கும் வீட்டு உதவிக்கும் வேண்டிய பணத்தை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். மிச்சத்தை வைத்து எந்த மருத்துவமனை, எந்த அறை என்று முடிவு செய்யுங்கள். என் ஆச்சிக்கு இந்த அறுவை நடந்தபோது கூடவே இருந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

படி 1: மாற்றத்தான் வேண்டுமா என்று உறுதி செய்யுங்கள்

சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போவது மிகச் சாதாரணம். ‘உறைந்த தோள்’ என்று அதைச் சொல்வார்கள். வலி உயிர் போகும். கையைப் பின்னால் கொண்டுபோகவே முடியாது. ஆனாலும் அதற்கு மூட்டு மாற்று தேவையில்லை. மருந்து, ஊசி, பயிற்சி ஆகியவற்றிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும், நாள்தான் பிடிக்கும். மூட்டு மாற்று பெரும்பாலும் தேவைப்படுவது குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்தவர்களுக்கும், முடக்குவாதத்தில் மூட்டு அழிந்தவர்களுக்கும், எலும்பின் தலைப்பகுதி ரத்த ஓட்டம் இல்லாமல் நொறுங்கியவர்களுக்கும், வயதான காலத்தில் விழுந்து தோளெலும்பு பல துண்டாக உடைந்தவர்களுக்கும்தான். தோளைச் சுற்றியுள்ள தசைநார்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கிழிந்து, அதனால் மூட்டும் கெட்டுப்போனவர்கள் இன்னொரு வகை. ஆச்சி இந்த வகை.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். “அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும், ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். எலும்பு முறிவு என்றால் பொறுக்க நேரமிருக்காது. தேய்மானம் என்றால் நேரம் இருக்கிறது. இன்னொரு மருத்துவரிடமும் காட்டலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் வெளிநோயாளியாகக் காட்டிக் கருத்துக் கேட்க ஒரு காலைப்பொழுது போதும்.

படி 2: எந்த வகை மூட்டு என்று கேளுங்கள்

நம் தோளில் கையெலும்பின் முனை பந்து, தோள்பட்டை எலும்பில் இருப்பது கிண்ணம். தசைநார்கள் நன்றாக இருந்தால் பந்துக்குப் பந்து, கிண்ணத்துக்குக் கிண்ணம் என்று வைப்பார்கள். நார்கள் கிழிந்திருந்தால் அது நிலைக்காது. அப்போது பந்தைத் தோள்பட்டையிலும் கிண்ணத்தைக் கையெலும்பிலும் இடம் மாற்றிப் பொருத்துவார்கள். இதற்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். பிரான்ஸ் நாட்டின் பால் கிராமோ என்ற மருத்துவர் 1985-இல் கொண்டுவந்த முறை இது. கிழிந்த நார்கள் செய்த வேலையைத் தோளின் வெளிப்பக்கத்து டெல்டாய்டு தசை ஏற்றுக்கொள்கிறது. வகை எது என்று தெரியாமல் செலவு மதிப்பீடு வாங்குவதில் பயனில்லை. இரண்டுக்கும் விலை வேறு.

படி 3: மதிப்பீட்டைத் தாளில் வாங்குங்கள்

வாய்வார்த்தையாகச் சொல்லும் ‘பேக்கேஜ்’ தொகையை நம்பித் தேதி குறிக்காதீர்கள். மருத்துவமனைத் தாளில், முத்திரையோடு, இனம் பிரித்த மதிப்பீடு வேண்டும் என்று கேளுங்கள். அதில் இருக்க வேண்டியவை: செயற்கை மூட்டின் நிறுவனமும் மாடலும் விலையும், அறுவை மருத்துவர் கட்டணம், மயக்க மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, அறை வாடகை எத்தனை நாளுக்கு, மருந்தும் நுகர்பொருளும், பரிசோதனைகள். கடைசியாக, ‘பேக்கேஜில் சேராதவை எவை’ என்ற ஒரு வரி. இந்த வரியைப் பல இடங்களில் நாம் கேட்டால்தான் எழுதுவார்கள். ரத்தம் ஏற்றினால், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் வைத்தால், கையைத் தொங்கவிடும் கைத்தாங்கி (ஸ்லிங்) வாங்கினால் யார் கணக்கு என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

செலவில் பெரும்பங்கு செயற்கை மூட்டின் விலைதான். முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. தோள் மூட்டுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. அதனால் இரண்டு மூன்று இடங்களில் மதிப்பீடு வாங்கி ஒப்பிடுவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். வண்ணார்பேட்டையில் ஒன்று, பாளையில் ஒன்று, முடிந்தால் மதுரையில் ஒன்று என்று வாங்குங்கள். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தவர்களுக்கு நாகர்கோவில் கிட்டத்தில் இருக்கிறது. ஒப்பிடும்போது தொகையை மட்டும் பார்க்காமல் அந்த மருத்துவர் தோள் மூட்டு எத்தனை மாற்றியிருக்கிறார் என்றும் கேளுங்கள். முழங்காலில் கைதேர்ந்தவர் தோளிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

படி 4: யார் பணம் கட்டுவது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தாரின் ஆதார் ஆகியவற்றோடு கொக்கிரகுளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகக் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. ஆலங்குளம், கடையம் பக்கத்தவர்கள் தென்காசிக்குப் போங்கள்; பழைய நினைப்பில் நெல்லைக்கு வந்து அலையாதீர்கள். அட்டை கையில் வந்த பிறகு, நீங்கள் போகும் மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை அதன் பட்டியலில் எந்தப் பெயரில், எந்தத் தொகைக்கு வருகிறது என்று அங்குள்ள திட்ட அலுவலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். ஒப்புதல் வந்த பிறகே சேர்க்கைத் தேதி.

தனியார் காப்பீடு: பாலிசித் தாளை எடுத்து இரண்டு இடங்களைப் படியுங்கள். ஒன்று, காத்திருப்புக் காலம். தேய்மானத்துக்காகச் செய்யும் மூட்டு மாற்றுக்குப் பல பாலிசிகளில் இரண்டு, மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். விபத்தில் உடைந்திருந்தால் அந்தக் காலம் பொருந்தாது. இன்னொன்று, அறை வாடகை வரம்பு. இதில்தான் குடும்பங்கள் அடி வாங்குகின்றன. நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் தங்கினால், நஷ்டம் அந்த 3,000 மட்டும் அன்று. மருத்துவர் கட்டணம், அரங்குக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். ஒரு லட்சத்துக்கு 62,500 தான் வரும். செயற்கை மூட்டு, மருந்து, பரிசோதனை ஆகியவற்றில் இந்தக் குறைப்பைச் செய்யக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (IRDAI) விதி. குறைத்திருந்தால் எழுதிக் கேளுங்கள். தீவிர சிகிச்சை அல்லாத அறையின் வாடகை நாளுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. ஆச்சி பொது வார்டில் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் களக்காட்டு அம்மாள் ஒருவர் பேச்சுத்துணைக்குக் கிடைத்தார். அறைக்காகப் பணத்தைக் கரைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்திலும், வீட்டுக்கு அனுப்பும்போது இறுதி ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் தர வேண்டும் என்று அந்த ஆணையத்தின் 2024 மே மாதச் சுற்றறிக்கை சொல்கிறது. தாமதத்தால் கூடும் மருத்துவமனைச் செலவு நிறுவனத்தையே சேரும்.

அரசு ஊழியர், ஓய்வூதியர் என்றால் அவர்களுக்குரிய காப்பீட்டு அட்டையையும், ஆலைத் தொழிலாளி என்றால் இ.எஸ்.ஐ. பரிந்துரைக் கடிதத்தையும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள்.

கைக்காசு போட்டுக் கட்டுபவர்களுக்கு: ஒரே சிகிச்சைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க மருத்துவமனைக்குச் சட்டத்தில் இடமில்லை. வங்கி வழியாகக் கட்டுங்கள். 60 வயதைக் கடந்த, காப்பீடு இல்லாத பெற்றோருக்கு அப்படிக் கட்டிய செலவில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை, பழைய வரிமுறையில் இருப்பவர்கள் வருமான வரிக் கழிவு கேட்கலாம். ரொக்கமாகக் கட்டினால் அது கிடைக்காது.

பணம் போதவில்லை என்றால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ நகைக்கடன் வாங்குங்கள். கந்துவட்டிப் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 2017 அக்டோபரில் நம் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்து மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. தேய்மானத்துக்கான அறுவையை மூன்று மாதம் தள்ளிப்போட்டுப் பணம் சேர்க்கலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை.

படி 5: உடம்பைத் தயார் செய்தல்

சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c பரிசோதனை) 8 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகே பெரும்பாலான மருத்துவர்கள் கத்தியை எடுப்பார்கள். சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணில் சீழ் பிடிக்கும். செயற்கை மூட்டில் சீழ் பிடித்தால் மூட்டையே கழற்ற வேண்டி வரலாம். அதே காரணத்துக்காகச் சொத்தைப் பல்லை முன்பே கவனித்துவிடுங்கள். பீடி, சிகரெட், புகையிலை எல்லாவற்றையும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் தேதியோடு சொல்லுங்கள். அதிலிருந்து சுமார் மூன்று மாதம் இடைவெளி விடுவார்கள்.

சாப்பிடும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை ஆகியவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்தக்கூடாது. சித்த மருந்து, லேகியம் எடுப்பதையும் மறைக்காதீர்கள். நாட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டுப் போட்டிருந்தால் அவிழ்த்துத் தோல் முழுக்க ஆறிய பிறகே அறுவை. அக்குள் முடியை வீட்டில் சவரம் செய்ய வேண்டாம். சிறு கீறலும் கிருமிக்கு வழி.

படி 6: வீட்டைத் தயார் செய்தல்

கைத்தாங்கி நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும். அந்தக் கை ஒரு காப்பித் தம்ளருக்கு மேல் எதையும் தூக்கக்கூடாது. குடம், வாளி, குக்கர் எதுவும் ஆகாது. அறுவை வலக்கையில் என்றால் சாப்பாடு முதல் கால் கழுவுவது வரை எல்லாம் இடக்கையில்தான். பெரியவர்களுக்கு வலியைவிட இதுதான் மனத்தை வாட்டும். இரண்டு வாரம் முன்பே இடக்கையில் கரண்டி பிடிக்கப் பழக்குங்கள். ஆச்சி முதல் நாள் சொதிச் சோற்றை இடக்கையில் எடுக்க மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டார். மைனி எதிரே உட்கார்ந்து தானும் இடக்கையில் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் கரண்டியைத் தொட்டார்.

கழிப்பறையில் உட்கார்ந்து எழ மேற்கத்திய இருக்கை, நல்ல கைப்பக்கம் சுவரில் பிடிகம்பி, கையில் பிடித்துக் கழுவும் தண்ணீர்க் குழாய் (ஹெல்த் ஃபாசெட்) ஆகிய மூன்றும் முன்பே வேண்டும். எழும்போது அறுவை செய்த கையை ஊன்றக்கூடாது; மூட்டு நழுவும் அபாயம் அதில்தான் அதிகம். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் கூடாது. சட்டை, ஜாக்கெட், நைட்டி எல்லாம் முன்பக்கம் திறப்பதாக, ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். போடும்போது அறுவை செய்த கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். ஆண்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி. தட்டையாகப் படுத்தால் வலிக்கும் என்பதால் முதல் சில வாரம் சாய்வு நாற்காலியிலோ தலையணை அடுக்கியோ தூங்க வேண்டியிருக்கும். காயம் முழுதாக ஆறும்வரை தாமிரபரணிக் குளியல் கிடையாது.

படி 7: சேரும் நாள்

அசல் அட்டைகள், இரண்டு நகல், மதிப்பீட்டுத் தாள், பழைய ஸ்கேன் படங்கள், மாத்திரைப் பை. முழு மயக்கத்தோடு கழுத்தோரம் நரம்பு ஊசியும் போடுவது வழக்கம். அதனால் கை முழுவதும் அரை நாள், ஒரு நாள் மரத்துக் கிடக்கலாம், குரல் கம்மலாம், ஒரு பக்க இமை சரியலாம். முன்பே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள். மூச்சு வாங்கினால் மட்டும் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

படி 8: பயிற்சிக் காலம்

இயன்முறை மருத்துவர் சொல்லும் நாளில் பயிற்சி தொடங்கும். முதல் பயிற்சி பெரும்பாலும் ஊசல்: மேசையோரம் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, மற்றக் கையைத் தொங்கவிட்டு, உடம்பை மெல்ல அசைப்பது. “ஆச்சி, கையை நீங்கள் ஆட்டாதீர்கள், அது தானாக ஆடட்டும்” என்று ஆச்சிக்குப் பயிற்சி தந்த இயன்முறை மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்வார். தலைக்கு எண்ணெய் தேய்க்கும் அளவுக்குக் கை எழும்ப மாதங்கள் ஆகும். முழுப் பலனுக்கு ஓராண்டு வரை ஆகலாம்.

போக்குவரத்துச் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்பது பெரிய உதவி. அம்பாசமுத்திரம், திசையன்விளை என்று தொலைவில் இருப்பவர்கள் முதல் சில வாரம் நெரிசலான பஸ்ஸில் வருவது ஆபத்து. யாராவது தோளில் இடித்தால் போயிற்று. ஆட்டோவுக்கோ காருக்கோ பணம் ஒதுக்குங்கள், இல்லையென்றால் உள்ளூரிலேயே இயன்முறை மருத்துவரைத் தேடி, அறுவை மருத்துவர் எழுதிய பயிற்சித் தாளை அவரிடம் கொடுங்கள்.

காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, திடீரென்று கூடும் வலி, கை வடிவம் மாறித் தெரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

செயற்கை மூட்டின் பெட்டியில் இருக்கும் வரிசை எண் ஒட்டுத்தாளை வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே வையுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மூட்டு பத்தாண்டு தாண்டி உழைக்கும். என்றாவது மீண்டும் திறக்க நேர்ந்தால் அடுத்த மருத்துவருக்கு முதலில் வேண்டியது அந்தத் தாள். பாலிசி இருப்பவர்கள் பயிற்சி ரசீதுகளையும் மருந்து ரசீதுகளையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். பல பாலிசிகள் வீடு திரும்பிய பின் 60 நாள் வரையிலான செலவைத் தருகின்றன. அதற்கு மருத்துவர் கையெழுத்திட்ட பரிந்துரைச் சீட்டும் கூட வேண்டும்.