கடைக் கணினியின் சூட்டைக் கைப்பேசியில் கண்காணிக்கும் முறை

வைகாசி முகூர்த்தங்களின்போது மதுரை, திருமங்கலம், மேலூர் பகுதிகளில் ஸ்டுடியோ நடத்துபவர்கள் பலர், முந்தைய திருமணத்தின் வீடியோவைக் கடைக் கணினியில் ரெண்டர் (தொகுத்த வீடியோவை இறுதிக் கோப்பாக மாற்றும் வேலை) போட்டுவிட்டு அடுத்த மண்டபத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பூட்டிய அறையில், ஏசி இல்லாமல், கத்திரி வெயிலில் அந்தக் கணினி மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடுகிறது. இன்றைய பிராசசர்கள் வெப்ப எல்லையை எட்டியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் சூடு ஏறினால் கணினி அணைந்துவிடும். ஆகவே இதில் பிராசசர் எரிந்துபோவதைவிட, மாலைக்குள் முடிய வேண்டிய வேலை பாதியில் நின்றுகிடப்பதே பெரிய ஆபத்து. மண்டபத்தில் இருந்தபடியே இதை அறிந்துகொள்ளும் வழி ஒன்றை இங்கே விளக்குகிறேன்.

விண்டோஸ் கணினிக்கு 'லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர்' என்ற இலவச, திறந்த மூல மென்பொருள் போதுமானது. இதன் பழைய பதிப்புகள் பயன்படுத்திய வின்ரிங்0 டிரைவரை (வன்பொருளின் அளவீடுகளைப் படிக்க உதவும் துணை மென்பொருளை) விண்டோஸ் டிஃபெண்டர் பாதுகாப்புக் குறைபாடு உடையதாகக் கருதித் தடுப்பதால், கிட்ஹப் தளத்தில் உள்ள அதன் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து புதிய பதிப்பையே இறக்க வேண்டும். அதை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியுடன் திறந்தால் பிராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றின் வெப்பநிலையும், பெரும்பாலான கணினிகளில் விசிறிகளின் சுழற்சி வேகமும் பட்டியலாகத் தெரியும். 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'ரிமோட் வெப் சர்வர்' என்பதற்குள் சென்று 'ரன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், அதே பட்டியல் 8085 என்ற போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட இணைப்பு வாசலில்) ஒரு வலைப்பக்கமாகவும் கிடைக்கும். விண்டோஸ் தொடங்கும்போதே மென்பொருளும் தொடங்குவதற்கான தேர்வையும் அதே மெனுவில் செய்துவிடுங்கள்.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையைக் கொடுத்து, கடை நெட்வொர்க்கில் அந்தக் கணினியின் அடையாள எண்ணான ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 192.168.1.10 என்றால், அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியின் பிரௌசரில் 192.168.1.10:8085 என்று தட்டச்சு செய்ய வேண்டும். பக்கம் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் வெளி இணைப்புகளை வடிகட்டும் விண்டோஸ் ஃபயர்வால்தான் தடுத்திருக்கும். அதன் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பகுதியில் டிசிபி 8085 போர்ட்டுக்கு, 'பிரைவேட்' நெட்வொர்க்கில் மட்டும் அனுமதி தரும் விதி ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடையின் வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் அதையும் 'பிரைவேட்' ஆக்க வேண்டும். ரவுட்டரை அணைத்துப் போடும்போது முகவரி மாறாதிருக்க, அந்தக் கணினிக்கு ஒரு முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கி வைப்பது நல்லது.

இதுவரை செய்தது கடைக்குள் மட்டுமே பயன்படும். வெளியிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து வரும் இணைப்பைக் கடைக் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்யுமாறு சிலர் சொல்வார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்தப் பக்கம் மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபி இணைப்பில் இயங்குவதால், அதை இணையத்துக்குத் திறந்துவிடுவது கடைக் கதவைத் திறந்துபோட்டுப் போவதைப் போன்றது. மேலும், பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்தளிப்பதால் அந்த வழி பல இடங்களில் வேலையும் செய்யாது. மாறாக, வயர்கார்டு என்ற மறையாக்க இணைப்பு நெறிமுறையில் இயங்கும் 'டெய்ல்ஸ்கேல்' செயலியைக் கணினியிலும் கைப்பேசியிலும் நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில் உள்நுழையுங்கள். கணினிக்கு 100 என்று தொடங்கும் தனி முகவரி ஒன்று கிடைக்கும். அதனுடன் :8085 சேர்த்தால் மொபைல் டேட்டாவிலேயே பக்கம் திறக்கும். கணினி உறக்க நிலைக்குப் போனால் எதுவும் தெரியாது என்பதால் 'ஸ்லீப்' அமைப்பை 'நெவர்' என்று மாற்றிவிடுங்கள். மின்தடைக்குப் பிறகு கணினி தானாக இயங்கத் தொடங்கும் அமைப்பு பெரும்பாலான மதர்போர்டுகளின் பயாஸில் (விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) உண்டு.

இனி, எண்களை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். இன்டெல் பிராசசரில் 'சிபியு பேக்கேஜ்' என்ற வரியையும், ஏஎம்டி ரைசனில் 'டிசிடிஎல்' (Tctl) அல்லது 'டிடை' (Tdie) என்ற வரியையும் பாருங்கள். இன்டெல் மேசைக்கணினி பிராசசர்கள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 5600எக்ஸுக்கு 95. ரைசன் 7000 வரிசையின் உயர்ரகப் பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரியில் ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் அந்த எண்ணைக் கண்டு பதற வேண்டியதில்லை.

ஆனால் தனி ஒரு எண்ணைவிட, அறையின் வெப்பத்துக்கும் பிராசசரின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாடே அதிகம் சொல்லும். ஏசி ஓடும் 25 டிகிரி அறையில் ரெண்டரின்போது 68 காட்டும் கணினி, 38 டிகிரி அறையில் ஏறத்தாழ 81 காட்டுவது இயல்பே, ஏனெனில் இரண்டிலும் வேறுபாடு 43தான். அதே வேலைக்கு அந்த வேறுபாடு மாதங்கள் செல்லச் செல்ல 55, 60 என்று வளர்ந்தால், பிராசசரைக் குளிர்விக்கும் கூலரில் தூசி அடைத்திருக்கிறது அல்லது இரண்டுக்கும் இடையில் வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். (சாலையோரக் கடையில், மேசைக்கு அடியில் மர அறைக்குள் சிபியு பெட்டியைத் திணித்து வைத்திருப்பவர்கள் முதலில் அதை வெளியே எடுக்கட்டும்.) சுமை தொடங்கிய சில நொடிகளிலேயே எல்லையைத் தொட்டால் கூலர் சரியாகப் பொருந்தவில்லை என்றோ, விசிறி நின்றுவிட்டது என்றோ சந்தேகிக்க வேண்டும், விசிறியின் சுழற்சி எண்ணை அதே பக்கத்தில் சரிபார்க்கலாம். எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு 'மேக்ஸ்' என்ற நெடுவரிசை உதவும். மென்பொருள் தொடங்கியதிலிருந்து எட்டிய உச்சம் அதில் நிற்கும்.

சூடு எல்லையை நெருங்கினால், தொலைவிலிருந்து கணினித் திரையை இயக்க உதவும் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை முன்கூட்டியே நிறுவியிருப்பவர்கள் கைப்பேசியிலிருந்தே செயல்படலாம். விண்டோஸ் பவர் பிளானில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 99 சதவீதமாக மாற்றினால் பெரும்பாலான கணினிகளில் டர்போ வேகம் (பிராசசர் தற்காலிகமாக எட்டும் கூடுதல் வேகம்) நின்று வெப்பம் குறையும். ரெண்டர் சற்றுத் தாமதமாகும், ஆனால் நடுவில் நிற்காது. விசிறியே நின்றிருந்தால் இது போதாது. ரெண்டரை நிறுத்திக் கணினியை அணைத்துவிட வேண்டும்.