புதுச்சேரி கடலோரத்தில் வீடு வாங்குவது எப்படி: முதன்முறை வாங்குவோருக்கு

புதுச்சேரியில் வீடு பார்க்க ஜனவரியில் போகாதீர்கள். பொங்கலுக்குப் பிறகு அந்த ஊர் அப்படியொரு அழகு. கடற்கரைச் சாலையில் இதமான வெயில், காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவர்கள், காலையில் கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று. அந்த மயக்கத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். கோவையில் ஓய்வு பெற்ற என் அக்காவுக்கும் அத்தானுக்கும் வீடு தேடி ஒன்றரை ஆண்டு அலைந்தோம். அந்த அலைச்சலில் கற்றதை, எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: அந்த மண் யாருடையது என்று கேளுங்கள்

புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கும் ஊர் அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவைத்திருந்த நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. இன்றும் எல்லைகள் அப்படியே இருக்கின்றன. முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போனால் கோட்டக்குப்பம் வரும், அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. அதே இ.சி.ஆர். சாலையில் பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் தமிழ்நாடுதான். காலாப்பட்டு வந்ததும் மறுபடி புதுச்சேரி.

விளம்பரத்தில் எல்லாவற்றுக்கும் 'பாண்டி' என்றே பெயர். ஆனால் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் பதிவு அலுவலகம், முத்திரைத்தாள் கட்டணம், கட்டட அனுமதி, மின்வாரியம் எல்லாமே மாறும். அதனால் புரோக்கரிடம் முதலில் விலையைக் கேட்காதீர்கள். வருவாய்க் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் உட்பிரிவோடு கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் பட்டாவையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு காட்டும் வரைபடம்) அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். புதுச்சேரிக்கு 'நிலமகள்' என்று தனி இணையதளம் உண்டு.

'ஆரோவில் அருகில்' என்ற விளம்பரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரோவில்லின் நிலம் ஆரோவில் அறக்கட்டளையுடையது, அதைத் தனியார் வாங்க முடியாது. அருகில் இருப்பது வேறு, உள்ளே இருப்பது வேறு. சர்வே எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: ஐப்பசி கார்த்திகையில் போய்ப் பாருங்கள்

இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியே வந்து பாகூர் பக்கத்தையும் மூழ்கடித்தது. அதாவது கடலிலிருந்து தள்ளி இருக்கும் வீடும் தப்பித்துவிடாது.

மழை விட்ட மறுநாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். காம்பவுண்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். பிளக் பாயிண்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்களா, வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். தெருமுனை மளிகைக் கடையில் "ஃபெஞ்சல் அப்போ இங்க எவ்வளவு தண்ணிங்க?" என்று கேளுங்கள். கையால் முழங்கால் வரை காட்டுவார்கள், தொடை வரை காட்டுவார்கள். விற்பவர் சொல்லாததை அந்தக் கை சொல்லிவிடும்.

மூன்றாம் படி: கடலுக்கு எவ்வளவு தூரம்

உயர் அலைக் கோட்டிலிருந்து (அலை உச்சத்தில் கடல் எட்டும் கோடு) 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், அதாவது சி.ஆர்.இசட். ஊர்ப்புறக் கடற்கரையில் 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது என்பது 2011 அறிவிக்கை. மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது 2019 அறிவிக்கை. நகர்ப்பகுதியில் கணக்கு வேறு. ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம். உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்பதைக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் பார்த்து, எழுத்தில் வாங்குங்கள்.

எங்களுக்கு ஒருவர் காட்டிய வீடு கண்ணைப் பறித்தது. மாடியில் நின்றால் எதிரே கடல்தான். "எல்லா அப்ரூவலும் இருக்கு சார்" என்றார். வரைபட அனுமதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், தரைத்தளத்துக்கு மட்டுமே அனுமதி. எந்த மாடியில் நின்று நாங்கள் மயங்கினோமோ, அந்த மாடி காகிதத்தில் இல்லவே இல்லை. அக்கா திரும்பி வரும்போது காரில் ஒரு வார்த்தை பேசவில்லை.

கடல் நகரும் என்பதையும் மறக்காதீர்கள். 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கல்சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதைத் தடுத்ததால் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. கடற்கரைச் சாலையோரம் நாம் உட்கார்ந்து படம் எடுக்கும் கருங்கற்கள் அப்படி வந்தவைதான். அரிப்பு மேலும் வடக்கே மீனவக் குப்பங்களுக்குப் போனது. தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்வரிசை, போட்ட இடத்தில் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். நீங்கள் பார்க்கும் வீடு எந்தப் பக்கம்? வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். முப்பது வருடத்துக்கு முன் படகு எங்கே ஏற்றினோம் என்று கை நீட்டிக் காட்டுவார். கூகுள் எர்த்தில் பழைய படங்களையும் புரட்டிப் பாருங்கள்.

நான்காம் படி: பத்திரம்

மூலப்பத்திரம், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்), பட்டா, கட்டட அனுமதி, வரி ரசீது இவை எல்லா ஊருக்கும் பொது. பவர், அதாவது உரிமையாளர் கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்து விற்கிறார்கள் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரில் அல்லது வீடியோ அழைப்பிலாவது உறுதி செய்யுங்கள்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 1881 ஆணையின்படி தங்கள் சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. இவர்களை ரெனோன்சான் என்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் இன்றும் இவர்களுக்குப் பொருந்தாது. பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய பங்கை உயில் எழுதிப் பறிக்க முடியாது. எனவே 'அப்பா எனக்கு உயில் எழுதிவைத்தார்' என்பதோடு விஷயம் முடியாது. உடன்பிறந்தவர்கள் பிரான்சில் இருந்தாலும் அவர்கள் கையெழுத்து வேண்டியிருக்கலாம். பழைய பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்த்து, இந்த வழக்குகளைப் பார்த்துப் பழகிய உள்ளூர் வக்கீலிடம் காட்டுங்கள். வங்கியின் வக்கீல் சரி பார்த்துவிட்டாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வங்கிக்காக.

அடுக்குமாடி என்றால் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் என்றால், புதிய திட்டத்துக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கட்டாயம்.

ஐந்தாம் படி: கட்டடத்தைத் தட்டிப் பாருங்கள்

உப்புக்காற்று கம்பியைத் தின்னும். குளியலறைக் கூரையையும் சன்ஷேடின் அடிப்பக்கத்தையும் ஒரு சாவியால் தட்டுங்கள். கெட்டியாகக் கேட்டால் நல்லது. பொள்ளென்று கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காங்கிரீட்டைத் தள்ளத் தொடங்கிவிட்டது. கம்பி போகும் வழியே பழுப்பு நிறக் கோடு தெரிந்தாலும் அதே கதைதான், மேலே பெயின்ட் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சரி. புதிதாகக் கட்டுபவரிடம் எம்30 என்ற வலிமை வகைக் காங்கிரீட் கலவையா, கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் விட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். கடலோரக் கட்டடத்துக்கு இந்தியத் தர விதி கேட்பது அது.

போர்த் தண்ணீரைக் கையில் பிடித்துச் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரையே வராவிட்டால் கடல் நீர் நிலத்தடியில் ஏறியிருக்கலாம். ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: பணக் கணக்கு

கோட்டக்குப்பத்தில் 60 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80 சதவீதம் வரை, அதாவது 48 லட்சம் தரலாம். மீதி 12 லட்சம் உங்களுடையது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் என்றால் 5 லட்சத்து 40 ஆயிரம். இதற்குப் பொதுவாக வங்கிக் கடன் கிடைக்காது. ஆக, 17 லட்சத்து 40 ஆயிரமாவது கையில் வேண்டும், வக்கீல், புரோக்கர் செலவு தனி. புதுச்சேரிப் பக்கத்தின் விகிதங்கள் வேறு, அங்கே பதிவு அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை 50 லட்சத்தைத் தொட்டால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து நீங்கள்தான் கட்ட வேண்டும். விற்பவர் பிரான்சில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதக் கணக்கே செல்லாது. விகிதம் மிக அதிகம், 50 லட்ச வரம்பும் கிடையாது. பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை உங்களைத்தான் கேட்கும். ஒப்பந்தம் போடும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

ஏழாம் படி: பதிவு முடிந்ததும்

பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி வில்லங்கச் சான்று எடுத்து, உங்கள் கிரையம் அதில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளமும் புயலும் சேர்ந்த வீட்டுக் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள்.

அக்கா கடைசியில் கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, சாலையைவிட மூன்று படி உயரமான ஒரு பழைய வீட்டை வாங்கினார். மாடியிலிருந்து கடல் தெரியாது. விடியற்காலையில் இருவரும் ஸ்கூட்டரில் கடற்கரைக்குப் போய், வெயில் ஏறும் முன் திரும்பிவிடுகிறார்கள்.