நியூட்ரான் கற்றையை மாதிரி வரை கொண்டுசேர்ப்பது எப்படி

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எலக்ட்ரானைப் போல மின்புலம் வைத்து அதை இழுத்துவர முடியாது. ஆகவே ஆராய வேண்டிய பொருளை, அதாவது மாதிரியை, நோக்கிக் கற்றை அமைப்பது என்பது வேண்டாததைக் கழித்துக்கொண்டே வரும் வேலை. பிரான்சில் கிரெனோபிள் நகரின் லாவே-லாஞ்சவான் நிறுவனத்துக்கு அளவெடுக்கப் போகும் மாணவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

அங்குள்ள 58 மெகாவாட் உலையில் யுரேனியம் பிளந்து வெளிவரும் நியூட்ரானின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20,000 கிலோமீட்டர். கனநீரில் மோதி மோதி அது நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவுக்கு இறங்குகிறது. புரதம், பாலிமர் போன்றவற்றை ஆராய அதுவும் அதிகம். எனவே மைனஸ் 250 டிகிரியை ஒட்டிய குளிரிலுள்ள திரவ டியூட்டீரியத்தில் (கன ஹைட்ரஜனில்) இன்னும் தணிக்கிறார்கள்.

அடுத்து, உட்சுவரில் நிக்கல் பூசி, காற்றை அகற்றிய கண்ணாடி வழிகாட்டிக் குழாய். 6 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அலைநீளமுள்ள நியூட்ரான் அந்தச் சுவரை 0.6 டிகிரிக்குள் உரசினால்தான் திரும்பும். அதை மீறினால் சுவருக்குள் புகுந்து தொலைந்துவிடும். குழாயை மிக லேசாக வளைத்துவிட்டால், நேராகப் பாயும் காமா கதிரும் வேக நியூட்ரானும் வளைவிலேயே கழிந்துவிடுகின்றன. இத்தனை எளிமையான வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. பிறகு, சுழலும் உருளையின் சாய்ந்த தகடுகள் குறிப்பிட்ட வேகமுள்ளவற்றை மட்டும் கடக்க விடும்.

மாதிரியில்தான் அவசரப்படக் கூடாது. கரைசலை 1 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள குவார்ட்ஸ் குவளையில் ஊற்றி, நியூட்ரானை விழுங்கிவிடும் காட்மியம் தகட்டின் துளைக்குப் பின்னால் நிறுத்துங்கள். ஒருமுறை என் கரைசல் துளையின் மேல்விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நின்றுவிட்டது. வெறும் குவார்ட்ஸ் வழியே வந்தவையும் கணக்கில் சேர்ந்து, ஓர் இரவின் அளவீடு முழுக்க வீணானது. குவளையைத் தகட்டோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே உள்ளே வையுங்கள்.

மாதிரியில் சிறு கோணத்தில் சிதறும் நியூட்ரான்களை அளக்கும் அந்நிறுவனத்தின் டி11 கருவியில் உணர்கருவியை 39 மீட்டர் பின்னால் தள்ளியிருந்தால் புவியீர்ப்பை மறக்காதீர்கள். கிடைமட்டமாகக் கிளம்பும் 6 ஆங்ஸ்ட்ராம் நியூட்ரான் அங்கே போய்ச் சேர்வதற்குள் சுமார் 17 மில்லிமீட்டர் விழுந்துவிடும். சிதறாமல் நேராக வரும் கற்றையை மறைக்கும் தடுப்பையும் அதற்கேற்ப இறக்கி, குறைந்த கற்றையில் சரிபார்த்த பின்னரே முழுக் கற்றையைத் திறங்கள்.