சூடான கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறதா? பாகம் மாற்றும் முன் இதைச் செய்யுங்கள்

காலையில் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். நாகர்கோவிலிலிருந்து பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி என்று நெரிசலில் ஊர்ந்து தக்கலை போய், கடையில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் எடுக்காது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் இன்ஜின் ஆறியிருக்கும், அவர் கை வைத்ததும் எடுத்துவிடும். "பேட்டரி மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் பிளக், அப்புறம் ஃப்யூல் பம்ப். காசு போகும், கோளாறு அங்கேயே இருக்கும்.

என் பழைய பெட்ரோல் காரில் இதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த வழியை எழுதுகிறேன். பானட் திறப்பது, பேட்டரி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், ஏன் அந்தக் கால் மணி நேரம்?

ஓடும்போது கூலண்ட் சுற்றுகிறது, காற்று அடிக்கிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். ஆனால் இன்ஜின் இரும்பில் இருக்கும் சூடு எங்கும் போகாமல் பானட்டுக்குள்ளேயே ஏறும். நிறுத்திய 10 நிமிடத்திலிருந்து அரை மணி நேரம் வரை செல்ஃப் மோட்டார் (சாவி திருப்பும்போது இன்ஜினைச் சுற்றிவிடுவது), சென்சார், பெட்ரோல் குழாய் எல்லாம் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாகச் சுடும். அதனால் டீ குடிக்க நிறுத்தினால் மாட்டும், கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மெதுவாக வந்தால் மாட்டாது. சோதனை எல்லாம் இந்த நேரத்துக்குள் நடக்க வேண்டும். ஆறிய வண்டியில் எடுத்த அளவுகளால் பெரிய பயன் இல்லை.

என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர். சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும், ஆனால் முனைக் கம்பிகள் நீளமாக இருக்கட்டும். ஒரு ஜம்பர் கேபிள், சாவி திருப்ப ஓர் ஆள், ஈரத்துணி. ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் உள்ள அளவுகளைப் படிக்கும் கருவி) இருந்தால் நல்லது, செல்போனில் புளூடூத்தில் இணையும் மலிவு விலை இ.எல்.எம். 327 போதும். 2013-க்குப் பிறகு வந்த கார் என்றால் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் இணையும். என்னைக் கேட்டால் முதலில் மீட்டர் வாங்குங்கள். ஸ்கேனர் சொல்லாத பலதை மீட்டர் சொல்லும்.

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்தபடி. ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டோ துப்பட்டா தொங்கவோ பானட்டுக்குள் குனிய வேண்டாம். வண்டி அணைந்திருந்தாலும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடும்.

படி 1: காதைத் தீட்டுங்கள்

சூட்டில் சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது? "டக்" என்று ஒரு சத்தம் மட்டும், அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்றால் மின்சாரப் பக்கம், படி 2. காலையில் சுற்றுவது போலவே வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் படி 3. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மற்ற எல்லாமே வீண் வேலை. காலையில் ஒருமுறை, சூட்டில் ஒருமுறை செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து அடுத்தடுத்துக் கேளுங்கள். வித்தியாசம் தானாகத் தெரியும்.

படி 2: மெதுவாகச் சுற்றுகிறது

என் வண்டி இந்த ரகம். வீடு மணவாளக்குறிச்சி பக்கம். கடற்காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும் இடத்தில் எர்த் கேபிள் (பேட்டரி நெகட்டிவை பாடியோடும் இன்ஜினோடும் இணைப்பது) மட்டும் தப்பிக்குமா?

பேட்டரியை முதலில் பாருங்கள். நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆனபின் 12.6 வோல்ட் அருகில் இருந்தால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி கடையில் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள்.

அடுத்து எர்த். எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எர்த் கேபிளைச் சோதிக்க மீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும், பீப் சத்தமும் வரும். பல ஒர்க்‌ஷாப்பிலும் இதைப் பார்த்துவிட்டு "எர்த் ஓகே" என்பார்கள். மீட்டர் அனுப்புவது மிகமிகச் சிறிய கரண்ட். உள்ளே நாலு கம்பி இழை மட்டும் மிச்சமிருந்தாலும் அது தாராளமாகப் போய்விடும். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ 100 ஆம்பியருக்கு மேல். கேபிளில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை கூடினாலே அங்கே ஒரு வோல்ட் காணாமல் போகும். அந்த அளவுத் தடையைச் சாதாரண மீட்டரால் ஓமில் பார்க்கவே முடியாது.

அதனால் ஓமை மறந்துவிட்டு டிசி வோல்ட் 20-இல் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயத் தலையில், அதாவது மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல, தலையிலேயே. சிவப்பு முனை இன்ஜின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத இரும்பில். இன்ஜின் இடையில் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க ஃப்யூல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, நாலைந்து நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டரில் 0.2, 0.3 வந்தால் நல்லது. 0.5-க்கு மேல் என்றால் அந்த வழியில் எங்கோ கோளாறு. இப்போது துண்டு துண்டாகப் பாருங்கள்: தலையிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து இன்ஜினுக்கு. வோல்ட் எந்தத் துண்டில் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

என் வண்டியில் பாடியிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கேபிள். வெளியே ரப்பர் பளபளப்பாக இருந்தது, வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பொடி.

மீட்டர் பிடிக்கப் பொறுமை இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. ஜம்பர் கேபிளில் ஒன்றை மட்டும் எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜின் பிளாக்குக்குப் போடுங்கள். இப்போது விறுவிறுவென்று சுற்றினால் எர்த்தான் காரணம். எனக்கு எந்த ஸ்கேனரையும்விட இந்தச் சோதனைதான் பிடிக்கும்.

"காலையில் மட்டும் எப்படி எடுத்தது?" என்ற கேள்வி வரும். செம்பு சூடாகச் சூடாக அதன் தடை கூடும். 50 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 20 சதவீதம். கெட்ட எர்த்தோடு காலையில் எப்படியோ சமாளித்த மோட்டாருக்கு, சூட்டில் அந்தச் சொச்சமும் இல்லாமல் போகிறது.

பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான்: பேட்டரி பாசிட்டிவ் தலைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே பாருங்கள், முனை எங்கும் உரசாமல். இரண்டு பக்கமும் சரி, பேட்டரியும் சரி, ஆனாலும் இழுக்கிறது என்றால் மோட்டாரைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பிரஷ், புஷ் மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், புது மோட்டாருக்கு அவசரப்பட வேண்டாம்.

கேபிள் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை இதைச் செய்துவிடுங்கள்.

படி 3: நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

காசில்லாத சோதனை இரண்டு. முதலாவது: சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பின் சீட்டுக்குக் கீழே "ம்ம்ம்" என்று இரண்டு நொடி பம்ப் ஓடுவதைக் கேட்டு, அணைத்து, மறுபடி ஆன். மூன்று முறை செய்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். உடனே எடுத்தால், நிறுத்தியிருந்த நேரத்தில் பெட்ரோல் அழுத்தம் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்க பம்புக்குள் இருக்கும் செக் வால்வு மேல்தான் முதல் சந்தேகம்.

இரண்டாவது: ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் இப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். அதில் இருமிக்கொண்டே கரும்புகையோடு எடுத்தால் உள்ளே பெட்ரோல் அதிகம். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகலாம், இன்ஜின் சூட்டை அளக்கும் கூலண்ட் சென்சாராகவும் இருக்கலாம். ஸ்கேனரில் பாருங்கள்: சூடான இன்ஜின் 85, 90 காட்ட வேண்டும். 40 காட்டினால், வண்டி குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றுகிறது. 40 என்பது நடக்கக்கூடிய அளவுதான் என்பதால் எச்சரிக்கை விளக்கு எரியாமலே இருக்கலாம்.

இரண்டிலும் அசையவில்லையா? கிராங்க் சென்சார், அதாவது இன்ஜின் சுற்றுவதை கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்பிஎம் 200 அளவில் வர வேண்டும். பூஜ்யத்திலேயே நின்றால் சந்தேகம் உறுதிப்படுகிறது. ஈரத்துணியைச் சென்சார் மேல் போட்டு ஆறவைத்து அடியுங்கள். எடுத்துவிட்டால் சென்சாரை மாற்றுங்கள். இந்த ஒரு பாகத்தில் மட்டும் மலிவு டூப்ளிகேட் வேண்டாம், அதே சூட்டில் அதுவும் படுத்துவிடும்.

சேர்க்கை 1: மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர், செல்ஃப் அடித்ததும் ஸ்கேனர் துண்டித்துக்கொள்கிறது, ஆர்பிஎம் பார்க்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். வோல்ட் இறங்கும்போது மலிவு ஸ்கேனர்கள் அப்படித்தான். டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள் இருந்தால் அதைப் பாருங்கள். லேசாக ஆடினாலும் சென்சார் உயிரோடு இருக்கிறது. சில மாடல்களில் நல்ல சென்சாரிலும் முள் ஆடாது, அதனால் ஈரத்துணிச் சோதனையையும் விடாதீர்கள்.

சேர்க்கை 2: பட்டன் ஸ்டார்ட் காரில் ஆன் எப்படி? பிரேக், கிளட்ச் எதையும் மிதிக்காமல் பட்டனை இருமுறை அழுத்துங்கள்.

சேர்க்கை 3: பெட்ரோல் போட்ட உடனே மட்டும் எடுக்க மறுக்கிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது வேறு கதை. டேங்கின் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நின்றால் அப்படி ஆகும். அதன் குழாயைக் கழற்றி, இன்ஜின் ஐடிலில் ஓடும்போது டேங்க் பக்கத் துளையில் விரல் வையுங்கள். இழுத்துக்கொண்டே இருந்தால் வால்வு போச்சு. பங்கில் நாசில் தானாக நின்ற பிறகும் "ரவுண்டா போடுங்க" என்று ஊற்றச் சொல்லாதீர்கள். ஆவி பிடிக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய்விடும்.

சேர்க்கை 4: டீசல்காரர்களே, படி 2 உங்களுக்கும் அப்படியே பொருந்தும், படி 3-இல் கிராங்க் சென்சார் தவிர மற்றது பொருந்தாது. காமன் ரெயில் வண்டி (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் என்ற ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வண்டி) சூட்டில் நீளமாகச் சுற்றினால் கிராங்க் சென்சாருக்கு அடுத்து இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை செய்யச் சொல்லுங்கள். தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக, சூட்டில் நீர்த்துப்போன டீசல் திரும்பி ஓடிவிடும், ரெயிலில் அழுத்தம் ஏறாது. அந்தக் குழாய்களை வீட்டில் கழற்ற வேண்டாம், டீசல் பம்ப் கடையில் விடுங்கள்.