கல்லிமுளையானைத் தொட்டியில் வளர்க்க

காங்கேயம் பக்கம் கொறங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நிலத்து) கிளுவை வேலியடியிலும் பாறை இடுக்கிலும் இலையே இல்லாமல் நாலு பட்டையாக விரல்போல நிற்கும் கல்லிமுளையானை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து வேரோடு பிடுங்க வேண்டாம், ஒரே ஒரு கிளை போதும்.

வெட்டியதும் வெட்டுவாயைப் பாருங்கள். பால் வடிந்தால் அது வேறு கள்ளி, கையிலும் கண்ணிலும் படாமல் விட்டுவிடுங்கள். இதற்குத் தண்ணீர் மாதிரிதான் சாறு வரும்.

வெட்டிய கிளையை உடனே நட்டால் அழுகும், அதனால் நிழலில் ஒரு வாரம் போட்டு வெட்டுவாய் நன்றாகக் காய்ந்த பிறகு, அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் பாதிக்குப் பாதி மணலும் பொடிக்கல்லும் கலந்த செம்மண்ணில் லேசாக ஊன்றுங்கள். உரம் வேண்டாம். மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இந்தச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாகித்தான்.

கருஞ்சிவப்புப் பூ ரொம்ப அழகு, ஆனால் ஈக்களை வரவழைக்கக் கெட்ட வாடை வீசும் வகையும் உண்டு, அதனால் சன்னலோரம் வைக்காதீர்கள். வெயில் படும் மொட்டைமாடியே சரி.